கை எந்தப் பக்கம் சாய்ந்தது

பன்னிரண்டு விடைத்தாள்களில் ஏழில் ஒரே தவறு இருந்தது. அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது எதை எதில் ஊற்ற வேண்டும் என்பது கேள்வி. தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் அமிலம் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஏழு பேர் மாற்றி எழுதியிருந்தார்கள்.

புஷ்பவள்ளி சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். ஒருவர் இருவர் தவறாக எழுதினால் படிக்கவில்லை என்று விட்டுவிடலாம். ஏழு பேர் ஒரே மாதிரி எழுதினால் யாரோ அப்படிக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அவர்களுக்கு அறிவியல் எடுப்பது அவள் ஒருத்திதான்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்தக் காது கேளாதோர் பள்ளி. புஷ்பவள்ளிக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அதே பள்ளியில் படித்து, வெளியூரில் பட்டமும் பி.எட்.டும் முடித்து, இருபத்தேழாவது வயதில் அங்கேயே ஆசிரியையாகத் திரும்பி வந்தவள். 2010 ஜூனிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒன்றிரண்டு பாடங்களைச் சைகையில் நடத்தி வீடியோ எடுத்து வந்தாள். முப்பத்தெட்டுப் பாடங்கள் சேர்ந்திருந்தன. மாணவர்கள் ஸ்ரீமுஷ்ணம், வடலூர், கீரப்பாளையம் பக்கமிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அங்கே யாருக்கும் சைகை தெரியாது, சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. அதற்காகத்தான் இந்த வீடியோக்கள்.

புதுச்சேரியில் ஒரு கம்பெனி புது மெஷின்கள் வாங்கியபோது, பழைய லேப்டாப்புகள் பதினொன்றைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டாத இயங்குதளம் என்பதால் அவற்றில் லினக்ஸ் போட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பில் பன்னிரண்டு பேர். அதில் இருவர் இரட்டையர், ஒரே வீடு. ஆகவே பதினொன்று போதுமானதாக இருந்தது. 2011 பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தனுப்பினார்கள். விடுமுறை முடிந்து வந்ததும் புஷ்பவள்ளி வைத்த தேர்வுதான் இது.

அவள் கொளஞ்சி என்ற மாணவியைக் கூப்பிட்டு விடைத்தாளைக் காட்டி, இதை எங்கே படித்தாய் என்று சைகையில் கேட்டாள்.

"உங்கள் வீடியோவில்தான்" என்றாள் கொளஞ்சி, கைகளால்.

கொளஞ்சியின் லேப்டாப்பையே வாங்கி அந்தப் பாடத்தை ஓடவிட்டுப் பார்த்தாள். பாடம் எடுத்த அன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் இருந்தது. இதில் அவளுடைய கைகள் ஓடவில்லை, குதித்தன. இடது கை தண்ணீர்ப் பாத்திரமாக நின்றது, வலது கை அமிலக் குடுவையாக எழுந்தது. அடுத்த கணம் இரண்டு கைகளும் வேறு எங்கோ இருந்தன. குடுவை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது மட்டும் திரையில் இல்லை. இல்லாததைப் பிள்ளைகள் தாங்களாக ஊகித்துக்கொண்டார்கள். ஐந்து பேர் சரியாக ஊகித்தார்கள், ஏழு பேர் தவறாக.

அவள் அன்று மத்தியானமே பதினோரு லேப்டாப்புகளையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். மார்ச்சில் செய்முறைத் தேர்வு. அதற்குள் முப்பத்தெட்டுப் பாடங்களையும் திரும்ப வகுப்பில் நடத்த நேரம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பூட்டினாள்.

தலைமையாசிரியர் சபாபதிக்குக் காது கேட்கும். சைகையும் ஓரளவு வரும். பீரோவைத் திறக்கச் சொல்லி அவரும் ஒரு பாடத்தை ஓடவிட்டுப் பார்த்தார். பெற்றோருக்காக வீடியோக்களில் பின்குரல் ஒன்று பதிவு செய்திருந்தார்கள். அந்தக் குரல் எங்கும் அறுபடாமல் வந்துகொண்டிருந்தது.

"நல்லாத்தானம்மா ஓடுது" என்று வாயசைத்துக்கொண்டே கையாலும் சொன்னார். பிறகு புஷ்பவள்ளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சிதம்பரத்துக்கு போன் போட்டார். பள்ளியின் புரொஜக்டரை ஒருமுறை சரிசெய்து கொடுத்த கடை அங்கே தெற்கு வீதிக்குப் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் கடையிலிருந்து எழிலரசி வந்தாள். கீரப்பாளையத்துப் பெண், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா, தாய்மாமன் செம்பியனின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஆறு வருஷமாக வேலை. தோளில் ஒரு பை, அதில் ஸ்குரூ டிரைவர், நாலைந்து சிடி, ஒரு பென் டிரைவ், சுருட்டிக் கட்டிய நெட்வொர்க் கேபிள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தவள், தண்ணீர் கூடக் கேட்காமல் மேசைக்கு வந்தாள்.

"என்னா சார் கம்ப்ளெயின்ட்டு?"

"படம் சரியா வரலன்னு டீச்சர் சொல்றாங்க. எனக்குப் பாத்தா ஒண்ணும் தெரியல. நீயே பாரும்மா" என்றார் சபாபதி.

எழிலரசி ஓடவிட்டாள். ஸ்பீக்கரில் குரல் தெளிவாக வந்தது. படம் லேசாக விட்டு விட்டு வருவது போலத் தோன்றியது, ஆனால் குரல் அதை நிரப்பிக்கொண்டு போனது. "கொஞ்சம் பழைய மெஷினு. இந்த அளவுக்கு ஓடறதே ஜாஸ்தி சார்" என்றாள்.

புஷ்பவள்ளி அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த நீள நோட்டைத் திறந்து ஒரு வரி எழுதி அவள் முன்னால் வைத்தாள். 'சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.'

எழிலரசி சத்தத்தை நிறுத்தினாள். முதல் அரை நிமிடத்திலேயே அவள் முதுகு நிமிர்ந்தது. ஒரு பெண் கைகளை வைத்துக்கொண்டு ஏதோ செய்கிறாள், நடுநடுவே யாரோ கத்தரித்து எடுத்துவிட்டது போல இருந்தது. நிறுத்தி, பின்னால் போய், மறுபடி பார்த்தாள். மறுபடி ஓட்டும்போது வேறு இடத்தில் கத்தரித்திருந்தது.

நோட்டில் எழுதினாள். 'புரிகிறது. உங்களுக்கு இது பாதிப் பேச்சு கேட்கிற மாதிரி. சரியா?'

புஷ்பவள்ளி எழுதினாள். 'பாதிப் பேச்சு கேட்டால் பாதி என்று தெரியும். இதில் தெரியாது.' கீழே அமிலக் கேள்வியைப் பற்றியும் எழுதினாள். ஏழு பேர் என்ற எண்ணின் கீழே கோடு போட்டாள்.

எழிலரசி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம் சார்" என்றாள்.

அவளுக்குத் தோன்றிய வழி எளிமையானது. வினாடிக்கு இருபத்தைந்து படம் வீதம் இந்த மெஷினால் காட்ட முடியவில்லை. குரலோடு சேர்ந்து போக வேண்டும் என்பதால் முடியாத படங்களை அது விட்டுவிடுகிறது. படத்தைச் சிறியதாக்கினால் சுமை குறையும். முதல் மூன்று பாடங்களைப் பாதி அளவுக்குச் சுருக்கினாள். பிற்பகல் நாலு மணிக்கு அவை ஒரு குதிப்பும் இல்லாமல் ஓடின. கைகள் வழுக்கிக்கொண்டு போயின. எழிலரசி சபாபதியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் தலையாட்டினார்.

புஷ்பவள்ளி, மாணவர்கள் உட்காரும் தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு நிமிடம் கழித்து எழுந்து வந்து படத்தை நிறுத்தி, திரையில் தன் கையை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு எழுதினாள். 'இது மூன்றா, நான்கா?'

எழிலரசி குனிந்து பார்த்தாள். அது ஒரு சமன்பாட்டில் வரும் எண். விரல்கள் ஒன்றோடொன்று கலங்கி, கைநுனியில் ஒரு மாவு உருண்டை போல இருந்தது. திரை நிறையப் பெரிதாக்கியதும் கலங்கல் இன்னும் கூடியது. கண்ணைச் சுருக்கியும் தள்ளி நின்றும் பார்த்தாள்.

'தெரியவில்லை' என்று எழுதினாள். சற்று யோசித்து, அதன் கீழே, 'நான் செய்தது தவறு' என்றும் எழுதினாள். சுருக்கிய மூன்றையும் புஷ்பவள்ளியின் கண் எதிரிலேயே அழித்தாள். பிறகு சபாபதியிடம் சொன்னாள்.

"ரெண்டு லேப்டாப்ப கடைக்கு எடுத்துட்டுப் போறேன் சார். இது படத்துல இருக்கற கோளாறு இல்ல. மெஷினுக்கு உள்ள ஏதோ ஒக்காந்துகிட்டு இருக்கு."

"சரியாயிடுமாம்மா?"

"ஆயிடும் சார்."

அடுத்த நாள் காலை சிதம்பரத்தில் கடை திறந்ததும் இரண்டு லேப்டாப்புகளையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தாள். செம்பியன் ஒன்றைத் திருப்பி அடிப்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"எட்டு வருஷப் பழசு. இதுல போயி படம் ஓட்டணும்ங்கறியே எழிலு. எடைக்குப் போடற சாமான்."

"மாமா, இதப் பாருங்க." அவள் பக்கவாட்டில் இருந்த தட்டை அழுத்தித் திறந்தாள். "டிவிடி போடற மெஷினு. விக்கற அன்னிக்கு இதுல சினிமா பாக்கலாம்னு சொல்லித்தான் வித்திருப்பான். அன்னிக்கு முழுப் படம் ஓடிச்சி. அதே சிப்பு, அதே மெமரி இன்னிக்கும் இருக்கு. அப்ப இன்னிக்கு ஏன் ஓடல?"

அந்தக் கேள்வியில் ஓட்டை இல்லை என்பது செம்பியனுக்கும் தெரிந்தது.

அவள் வீடியோ ஓடும்போது மெஷின் என்ன செய்கிறது என்று பார்த்தாள். மெஷினின் மூளையான பிராசஸரின் சுமை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டில் நின்றது. வீடியோவில் ஒவ்வொரு படத்தையும் விரித்து, நிறம் மாற்றி, திரை அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்குகிற வேலையைக் கிராபிக்ஸ் சிப்தான் செய்ய வேண்டும். அந்தச் சிப் இங்கே சும்மா இருந்தது. எல்லாவற்றையும் பிராசஸர் ஒண்டியாளாக இழுத்துக்கொண்டிருந்தது.

சிப் ஏன் சும்மா இருக்கிறது என்று தேடினாள். மெஷின் கிளம்பும்போது எழுதி வைக்கிற பதிவைத் திறந்து வரிவரியாக இறங்கினாள். பாதியில் பதில் இருந்தது. சிப்பை வேலை செய்ய வைக்கிற மென்பொருள், அதற்கு உரிய டிரைவர், ஏறவே இல்லை. எந்த மெஷினுக்கும் பொருந்தும்படியான பொது டிரைவர் ஒன்று ஏறியிருந்தது. அது திரையில் படம் காட்டும், அவ்வளவுதான். சிப்பிடம் வேலை வாங்கத் தெரியாது. ஒரு பைலில் அந்தப் பொது டிரைவரையே போடு என்று யாரோ கையால் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாவது லேப்டாப்பிலும் அதே பைல், அதே வரி.

"கெடச்சிடுச்சி மாமா" என்றாள். "எவனோ வேணும்னே எழுதி வச்சிருக்கான்."

"வேணும்னே எதுக்கு எழுதறான்?"

"அத எடுத்துட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்." எடுப்பதற்கு முன்னால், வெளியிலிருந்து கேபிள் வழியாக உள்ளே நுழைய ஒரு வழியை அந்த லேப்டாப்பில் ஏற்படுத்தி வைத்துக்கொண்டாள். திரை தொடர்பான எதிலும் கை வைக்கும்போதெல்லாம் அவள் அப்படித்தான் செய்வாள். பிறகு அந்த வரியை நீக்கி, மெஷினை அணைத்துப் போட்டாள்.

திரை ஒருமுறை மின்னிவிட்டுக் கறுத்துப் போனது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வரவில்லை.

"போச்சா" என்றார் செம்பியன்.

"ஏன் எழுதி வச்சான்னு தெரிஞ்சிடுச்சி. அவனுக்கும் இப்படித்தான் கறுப்பாயிருக்கும். கறுப்பு போனா போதும்னு அந்த வரியப் போட்டுட்டுக் கெளம்பிட்டான்."

அவள் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்தினாள். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினாள், அணைந்தது. "பாருங்க, உசுரோடதான் இருக்கு. மொகம்தான் காட்டல."

இரண்டு லேப்டாப்புகளையும் கேபிளால் இணைத்து, நல்ல திரையிலிருந்து கறுத்த மெஷினுக்குள் நுழைந்தாள். அது கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது. உரிய டிரைவர் ஏறியிருந்தது. சிப் தயாராக இருந்தது. படத்தை எங்கே அனுப்புகிறாய் என்று கேட்டாள். இரண்டு இடங்களைக் காட்டியது. ஒன்று லேப்டாப்பின் சொந்தத் திரை. இன்னொன்று டிவி.

எழிலரசி லேப்டாப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். டிவி கேபிள் செருகும் வட்டத் துளை ஒன்று இருந்தது. அதில் எதுவும் செருகவில்லை. கொஞ்சம் தூசிதான் இருந்தது.

"இல்லாத டிவிக்குப் படம் அனுப்பிகிட்டு இருக்குது மாமா" என்றாள், அவளுக்குச் சிரிப்பு வந்தது. "டிவி மாட்டியிருக்குன்னு தப்பா நெனச்சிகிட்டு, இங்க இருக்கற தெரையத் தூங்க வச்சிடுச்சி."

டிவி இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு என்டர் தட்டினாள். பக்கத்தில் கறுப்பாக இருந்த திரை வெளிச்சமானது. செம்பியன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அமிலப் பாடத்தை முழு அளவில் திரை நிறைய ஓடவிட்டாள். பிராசஸர் நூற்றுக்கு முப்பதைத் தாண்டவில்லை. இடது கை நின்றது, வலது கை எழுந்தது, மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்த கையின் விரல்கள் சொட்டுச் சொட்டாக விடுவது போல அசைந்தன. சைகை தெரியாத செம்பியனே, "ஊத்தறாங்க" என்றார்.

டிவி இல்லை என்ற செய்தியை நிரந்தரமாக ஒரு பைலில் எழுதினாள். மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். இரண்டாவது மெஷினிலும் செய்து மூன்று முறை பார்த்தாள்.

மறுநாள் கடலூரில், புஷ்பவள்ளி அதே தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இருபது நிமிடப் பாடத்தை ஒரு இடத்திலும் நிறுத்தாமல் பார்த்தாள். எழிலரசிக்கு அந்த இருபது நிமிடம் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பது போலத்தான் இருந்தது, ஆனால் பயமில்லை. முடிந்ததும் புஷ்பவள்ளி நோட்டை எடுத்தாள்.

'பத்தாவது நிமிடத்தில் நான் ஒரு எழுத்தை விரலில் தவறாகக் காட்டியிருக்கிறேன். இன்றுதான் பார்க்கிறேன்.'

எழிலரசி எழுதினாள். 'அது என் வேலை இல்லை.'

புஷ்பவள்ளி சிரித்தாள். சிரிக்கும்போது அவளிடமிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

ஆனால் அவள் தன் கண்ணை மட்டும் நம்பவில்லை. பாடம் தெரிந்தவளுக்குப் படத்தில் இல்லாததும் தெரியும் என்று எழுதிக் காட்டினாள். மாணவர்கள் இதுவரை பார்க்காத பாடம் ஒன்றை அந்த இரண்டு லேப்டாப்புகளில் போட்டு, ஆறு ஆறு பேராக உட்கார வைத்தாள். பிறகு பதினைந்து கேள்விகள். பன்னிரண்டு தாள்களையும் அங்கேயே திருத்தினாள். தவறுகள் இருந்தன, ஆளுக்கு ஒன்று இரண்டு. ஒருவர் செய்த தவறு இன்னொருவரிடம் இல்லை. அவளுக்கு அது போதும். பீரோவைத் திறந்து மீதி ஒன்பதையும் எடுத்து மேசையில் அடுக்கினாள்.

எழிலரசி மூன்றைச் செய்யும்போது புஷ்பவள்ளி பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான்காவதை எழிலரசி எடுக்கப் போனபோது, கையை நீட்டித் தடுத்து, தான் உட்கார்ந்தாள். திரை கறுத்ததும் ஒரு கணம் எழிலரசியைப் பார்த்தாள். எழிலரசி கேபிளை எடுத்து நீட்டினாள். அந்த மெஷினும் அடுத்த ஐந்தும் புஷ்பவள்ளி செய்தவை.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வார விடுமுறைகளில் படிக்க லேப்டாப்புகளைத் திரும்பப் பிள்ளைகளோடு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், அதற்குமுன் எல்லோருக்கும் ஒரு பாடத்தைப் பெரிய திரையில் காட்டிவிடலாம் என்று சபாபதி ஏற்பாடு செய்திருந்தார். கூடத்தில் நாற்பது பேர் போல இருந்தார்கள். எழிலரசி புரொஜக்டரை மாட்டி, பாடத்தை ஓடவிட்டாள்.

லேப்டாப் திரையில் பாடம் ஓடியது. சுவரில் நீல நிறத்தில் ஒரு கட்டம் நின்றது.

சபாபதி வேகமாகப் பக்கத்தில் வந்தார். "என்னாம்மா இது. நேத்து பாத்தப்ப நல்லாத்தானே இருந்திச்சி."

"நேத்து புரொஜக்டர் மாட்டிப் பாக்கல சார். என் தப்புதான். அஞ்சு நிமிஷம் குடுங்க."

புஷ்பவள்ளிக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் நேராக நீலக் கட்டத்துக்கு முன்னால் போய் நின்று, அதே பாடத்தைக் கைகளால் நடத்தத் தொடங்கினாள். முன்வரிசையில் பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். பின்னால் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பலர் தங்கள் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து பாடம் கவனிப்பதை அன்றுதான் பார்த்தார்கள். கொளஞ்சி கையைத் தூக்கி ஏதோ கேட்டாள், புஷ்பவள்ளி பதில் சொன்னாள், மூன்று பேர் சிரித்தார்கள். கொளஞ்சியின் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "என்னா கேட்டிச்சாம்?" என்றார். அவருக்கும் தெரியவில்லை.

எழிலரசி இதற்குள் யோசித்துவிட்டிருந்தாள். லேப்டாப்பில் வருகிறது, சுவரில் வரவில்லை. மற்ற எல்லாம் சுவரில் தெரிகிறது, வீடியோ இருக்க வேண்டிய இடம் மட்டும் நீலம். அப்படியானால் இந்தப் பழைய சிப்பில் வீடியோவைப் பெரிதாக்கிக் காட்டும் பாதை ஒன்றே ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு திரைக்குத்தான் அது போகும். இப்போது அது லேப்டாப்பில் இருக்கிறது. லேப்டாப் திரையை அணைத்துவிட்டால் அது போக வேறு இடம் கிடையாது.

லேப்டாப் திரையை அணைக்கிற வரியை அடித்தாள். அவள் முன்னால் இருந்த திரை கறுத்தது. புஷ்பவள்ளியின் முதுகுக்குப் பின்னால், சுவரில், இன்னொரு புஷ்பவள்ளி ஆறடி உயரத்தில் கைகளை அசைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் சுவரைக் காட்டினார்கள். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, ஓரமாக விலகிப் போய்த் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்து லேப்டாப்புகளைக் கொடுக்கும்போது, கீரப்பாளையத்திலிருந்து வந்திருந்த சின்னையன் என்ற விவசாயி தன் மகனின் லேப்டாப்பைக் கையில் வாங்கிக்கொண்டு எழிலரசியிடம் கேட்டார்.

"ஏம்மா, வூட்ல வச்சிப் பாக்கும்போது மறுக்கா கெட்டுப் போச்சின்னா நாங்க என்னா பண்றது? எனக்கு இதத் தொறக்கக்கூடத் தெரியாது."

"ஒங்களுக்குத் தெரிய வேணாம்ண்ணா. ஒங்க பையனுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்ற எழிலரசி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நானும் கீரப்பாளையந்தான். நம்ம வூடு பிளாக் ஆபீஸுக்குப் பின்னால. எடுத்தாந்து குடுங்க, பாத்துத் தர்றேன்" என்றாள்.

புஷ்பவள்ளி இதை உதட்டிலிருந்து படித்துவிட்டு நோட்டில் எழுதினாள். 'அவர் கேட்டது சரி. சரிசெய்வதை வீடியோ எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். பழுது பார்ப்பதும் ஒரு பாடம்தான்.'

அடுத்த ஞாயிறு இருவரும் அந்தப் பாடத்தை எடுத்தார்கள். எழிலரசி மெஷினில் செய்தாள், புஷ்பவள்ளி சைகையில் சொன்னாள். டிரைவர் என்பதற்கும் பிராசஸர் என்பதற்கும் அவர்களிடம் சைகை இல்லை. காலை முழுவதும் அதிலேயே போனது. பிராசஸருக்குப் புஷ்பவள்ளி ஒரு சைகை செய்தாள், முதுகில் மூட்டை சுமப்பவனைப் போல. எழிலரசிக்கு அது பிடித்திருந்தது. அன்று திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் அதைச் செய்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கடையில் இருக்கும்போது எழிலரசிக்குப் புஷ்பவள்ளியிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. 'நான் சரி செய்த லேப்டாப் ஒன்றில் சத்தமே வரவில்லை என்று இன்று தலைமையாசிரியர் சொன்னார். முதல் நாளிலிருந்தே வந்திருக்காது போல. எங்களில் யாரும் கவனிக்கவில்லை. அவசரம் இல்லை.' எழிலரசி அதைச் செம்பியனுக்குப் படித்துக் காட்டினாள். அவர் சிரித்து முடிக்க வெகு நேரமானது.

மார்ச்சில் செய்முறைத் தேர்வு நடந்தது. பன்னிரண்டு பேரும் செய்தார்கள். கண்காணிக்க வந்த ஆசிரியர், இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதாகச் சபாபதி பின்னால் சொன்னார். பொதுத்தேர்வு முடிவு வந்தபோது அறிவியலில் பதினொரு பேர் தேறியிருந்தார்கள். தேறாதவன் உடனடித் தேர்வில் தேறினான். கொளஞ்சி எண்பத்தொன்று. அவளுடைய அப்பா ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் ஏறி வந்து, புஷ்பவள்ளி மேசையில் ஒரு தார் பூவன்பழத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜூனில் விழுப்புரம் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து சபாபதிக்குக் கடிதம் வந்தது. அங்கேயும் பத்தொன்பது பழைய லேப்டாப்புகள், அங்கேயும் வீடியோ குதிக்கிறதாம். கடலூரில் ஒரு டீச்சர் சரி செய்ததாகக் கேள்விப்பட்டோம் என்று எழுதியிருந்தார்கள். புஷ்பவள்ளி அந்தக் கடிதத்தோடு எழிலரசிக்குத் தகவல் அனுப்பினாள். ஒரு சனிக்கிழமை காலை இருவரும் கடலூர் பஸ் நிலையத்தில் சந்தித்து விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார்கள்.

அந்தப் பள்ளியில் முதல் மெஷினைத் திறந்ததுமே எழிலரசிக்குத் தெரிந்துவிட்டது. இது வேறு கம்பெனிச் சிப். பதிவைத் திறந்து பார்த்தாள். பொது டிரைவர் இல்லை, கையால் எழுதிய வரி இல்லை, டிவியும் இல்லை. உரிய டிரைவர் உரிய இடத்தில் இருந்தது. அப்படியும் வீடியோ குதித்தது. அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் நாலு பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழிலரசி புஷ்பவள்ளியின் நோட்டை இழுத்து எழுதினாள். 'இது நான் இதுவரை பார்க்காதது.'

புஷ்பவள்ளி படித்தாள். சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே அந்த மெஷினின் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். எழிலரசி நிறுத்தினாள். இருவரும் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.